பொட்டு வைத்த பொருள்

கார்த்திகை மழையில் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. பஞ்சநதம் விடிந்ததும் விடியாததுமாக வடிகாலில் இறங்கி, அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில் போட்டார். அடைப்பு விட்டதும் தண்ணீர் செம்மண் நிறத்தில் திமிறிக்கொண்டு ஓடியது. சம்பாப் பயிரின் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் அழுகல்தான். இந்த மாதிரி நாளில் எவனும் வயலை விட்டு நகரமாட்டான். ஆனால் அவர் நகர வேண்டியிருந்தது. மகள் குந்தவைக்குக் கம்ப்யூட்டர் வாங்கத் தஞ்சாவூர் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி ஞானாம்பாள் பழைய சோற்றில் மோரை ஊற்றி, சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றை ஓரத்தில் வைத்துத் தட்டைத் தள்ளினாள்.

"வயக்காடு முழுவிக் கெடக்கு. அப்பனும் மவளும் டவுனுக்குப் பொட்டி வாங்கக் கெளம்பிட்டீங்க."

"வடிய வெட்டி விட்டாச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தா சீக்கிரமா வடிஞ்சிருமா?"

"ஞாயித்துக்கெழம அண்ணன் மாப்ளையக் கூட்டிக்கிட்டு வருது. அழைச்சிட்டுப் போவப் போற புள்ளைக்கு இப்ப எதுக்குங்க கம்ப்யூட்டரு?"

பஞ்சநதம் கருவாட்டைக் கடித்து மென்றார். வாயில் எதையாவது போட்டுக்கொண்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம்.

குந்தவை சிவில் டிப்ளமோ படித்தவள். கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பும் வீடுகளுக்குப் பிளான் போடுவாள். கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று, வாசல் பூந்தொட்டி வரைக்கும் படமாக்கிக் காட்டுவாள். கும்பகோணத்தில் கல்யாணம் செய்து கொடுத்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. அவள் புருஷன் சூர்யபிரகாஷுக்குப் பாத்திரக் கடை. "எவன் வீட்டுக்கோ படம் வரையவாடி ஒன்னக் கட்டிக்கிட்டு வந்தேன்?" என்று ஒருநாள் லேப்டாப்பைப் பிடுங்கி முற்றத்துக் கருங்கல்லில் அடித்தான். தலை ஆடிக்கு அழைத்தபோது குந்தவை பேசாமல் கிளம்பி வந்தாள். ஆடி முடிந்தது, ஆவணி பிறந்தது, ஐப்பசி அடைமழையும் போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் "போவல" என்று ஒரே சொல்லாகச் சொன்னாள். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் ஞானாம்பாளின் அண்ணன் தியாகேசன். ஞாயிற்றுக்கிழமை வருவதும் அவர்தான்.

கூத்தாநல்லூர் ஹபீப் முகம்மது வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். லேப்டாப் உடைந்த கதை அவருக்குத் தெரியும். போன வாரம் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றாமல் நின்றபடி சொன்னார்.

"எம் மச்சினன் வீட்டுக்குப் படம் வேணும்மா. சனிக்கெழம சாயங்காலம் குவைத்துலேர்ந்து வீடியோல வருவாரு. அவருக்குப் புடிச்சிட்டா இனிமே என் வேல அத்தனையும் ஒனக்குத்தான். புடிக்கலன்னாலும் பரவால்ல. படமே இல்லன்னு மட்டும் சொல்லிராத. திருச்சில ஒரு ஆபீஸ்காரன் தொங்கிக்கிட்டே இருக்கான்."

கம்ப்யூட்டருக்குள் மாட்டும், படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். துபாயில் இருக்கும் அவர் மகன் ஷேக் பரீத் புதிது வாங்கியதால், பழையதை ஊருக்கு வந்த ஆள் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தான்.

"மறுபடி லேப்டாப்பே வாங்கிக்கயேன், சின்னதா?" என்று பஞ்சநதம் கேட்டுப் பார்த்தார்.

"கார்ட நம்ம இஷ்டத்துக்கு லேப்டாப்புல சொருவ முடியாதுப்பா. அப்புறம், லேப்டாப்ப ஒரு கையால தூக்கி அடிச்சிரலாம். இதத் தூக்க ரெண்டு ஆள் வேணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

தஞ்சாவூர்க் கடையில் ஆஷிகா என்ற பெண்தான் சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். சிறு வயது, வாய் நீளம். பஞ்சநதம் துண்டில் சுற்றி மடியில் வைத்து வந்த கார்டை மேஜைமேல் அவிழ்த்தார். மூன்று விசிறியோடு செங்கல் கனத்தில் இருந்தது.

"யப்பா, என்னக்கா இது, முழுச் செங்கலா இருக்கு!"

"இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்றாள் குந்தவை. "இது நீட்டி உக்கார்ற மாதிரி கேபினட். இது இழுக்குற கரண்டத் தாங்குற பவர் சப்ளை. பிராசஸர் நான் முடிவு பண்ணிட்டேன். அதுக்கு ஏத்த மதர்போர்டு காட்டுங்க."

மாதக்கணக்காகப் போனில் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சநதத்துக்குக் கரண்டு சங்கதி மட்டும் பிடிபட்டது. பெரிய மோட்டாருக்குச் சின்ன ஒயர் போட்டால் ஒயர் எரியும். மற்றதெல்லாம் காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. அலமாரியில் ஒரு போர்டு வண்ண விளக்கெல்லாம் வைத்து, தள்ளுபடிச் சீட்டு ஒட்டிக் கிடந்தது. கையில் எடுத்தார். நல்ல கனம்.

"பாப்பா, இது சல்லிசாக் கெடக்கே. பாக்கவும் வாட்டமா இருக்கு. இத எடுத்தா என்ன?"

"அது வேற சாக்கெட் அங்கிள். அக்கா எடுத்த பிராசஸர் அதுல உக்காராது."

"ஓரத்துல லேசா அரத்தால ராவி விட்டா?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ஆஷிகா மேஜையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பஞ்சநதத்துக்கு ரோஷம் வந்தது.

"சிரிக்கிறீங்க. எங்க ஊருல சேராததுன்னு ஒண்ணு கெடையாது. டிராக்டர் ஒரு கம்பெனி, கலப்ப ஒரு கம்பெனி. நடுவுல ஒரு புஷ்ஷு வளையத்தப் போட்டு ரெண்டு அடி அடிச்சா சேந்துட்டுப் போவுது."

"இதுக்குப் புஷ்ஷே கெடையாது அங்கிள். அடிச்சுச் சேத்தா ரெண்டும் போயிரும். மெமரியும் அப்படித்தான். பழசுக்கு வெட்டு ஒரு எடத்துல இருக்கும், புதுசுக்கு வேற எடத்துல. சேர்றது சேரும், சேராதது சேராது."

குந்தவை பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே, "இத மாமாக்கிட்ட சொல்லுங்கப்பா" என்றாள்.

கடையிலேயே மாட்டித் தருகிறோம், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். "கெட்டா நாந்தான் கழட்டணும். நானே மாட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றும்போது கண்டக்டர், "என்ன பெரியவரே, பொண்ணுக்குச் சீரா?" என்றார்.

"சீர்தான். எங்க வூட்டுக்கே" என்றார் பஞ்சநதம்.

ஞானாம்பாள் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் எங்கடி?"

"இதாம்மா."

"இது பொட்டி."

"எல்லாத்தையும் சேத்து மாட்டுனா கம்ப்யூட்டர்."

"ஓகோ" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை.

பஞ்சநதம் அதைக் கவனித்தார். அந்த வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் ஞானாம்பாள் முதலில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைப்பாள். மோட்டார், மிக்சி, கன்றுக்குட்டி, பூச்சிமருந்து டின் என்று எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை. அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. பொட்டு வைத்துவிட்டால் அது வீட்டுப் பொருள். அப்புறம் வாசல் தாண்டாது. ஒருமுறை மன்னார்குடியில் வாங்கிய மருந்தடிக்கும் டேங்க் முதல் நாளே ஒழுகியது. கடைக்காரனே மாற்றித் தருகிறேன் என்றான். "பொட்டு வெச்சாச்சு" என்று சொல்லி அவள் விடவில்லை. அந்த டேங்க் சாகிற வரைக்கும் பஞ்சநதம் முதுகில் மருந்து ஒழுக ஒழுகத்தான் அடித்தார்.

இந்தப் பெட்டிகளுக்குப் பொட்டு இல்லை. ஆக, இவை திரும்பிப் போகிறவை. குந்தவையும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டிகளைத் தன் கட்டில் ஓரமாக நகர்த்தி, மழைச் சாரல் படாமல் சாக்கைப் போட்டு மூடினாள். பிராசஸரை மட்டும் பிரித்து அப்பாவிடம் காட்டினாள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் அகலம். ஒரு பக்கம் வெள்ளித் தகட்டில் எழுத்து. மறுபக்கம் முழுக்கத் தங்கப் புள்ளிகள், நாற்றங்காலில் விதை தெளித்ததுபோல் நெருக்கமாக.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இதுதாம்ப்பா மூளை. பாக்கியெல்லாம் கை காலு."

அன்று சாயங்காலம் தியாகேசனிடமிருந்து போன் வந்தது. ஞானாம்பாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தவள் சோற்றைப் போட்டாள். வயல் நண்டு இடித்து ரசம் வைத்திருந்தாள். அதில் உப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கைப்பக்குவத்தில் உப்பு தவறிப் பஞ்சநதம் பார்த்ததில்லை. கேட்கலாமா என்று நினைத்தார். எழுந்து உப்புச் சாடியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஞானாம்பாள் வழக்கம்போல இருட்டோடு எழுந்து வீட்டைக் கழுவிவிட்டு, விடிந்ததும் மேட்டு வயலில் களை பறிக்கப் போய்விட்டாள். பஞ்சநதம் யூரியா மூட்டையோடு வயலுக்குப் போய், தண்ணீர் வடியாததால் மூட்டையோடு திரும்பி வந்தார். குந்தவை தரையில் பாயை விரித்து வேலையைத் தொடங்கியிருந்தாள். போனில் வீடியோ ஓடியது. பாதியிலேயே கரண்ட் போனது. பஞ்சநதம் எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் பிராசஸரை ஓரம் பிடித்து எடுத்து, முக்கோணக் குறி பார்த்து, போர்டில் வைத்துக் கொக்கியை மாட்டினாள். மெமரி 'டக்'கென்று உட்கார்ந்தது. கேபினட்டுக்குள் கார்டு இழைத்து வைத்ததுபோல் அடங்கியது. "பாத்தீங்களாப்பா, ஒரு வெரல் எடவெளிதான் மிச்சம்" என்று அவள் சொன்னபோது, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த குந்தவையின் குரல் கேட்டது. பஞ்சநதம் விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. சுவிட்சைப் போட்டாள். விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டு நின்றது.

கார்டைக் கழற்றி மாட்டினாள். மெமரியை இடம் மாற்றினாள். ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினாள். சிவப்பு விளக்கு அணையவில்லை. ஆஷிகாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஞானாம்பாள் வயலிலிருந்து வந்து, ஈரச் சேலையோடு வாசற்படியிலேயே நின்று பார்த்தாள்.

"ஓடலையா?"

"ஓடல" என்றாள் குந்தவை. "ஒனக்குச் சந்தோசம்தானே?"

ஞானாம்பாள் அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை காலையில் ஆஷிகா போனில் சொன்னாள். "அந்த லைட்டுன்னா பிராசஸர்தான்க்கா. ஒரு தடவ எடுத்து அடிப்பக்கம் பாருங்க."

குந்தவை கொக்கியைத் தூக்கிப் பிராசஸரை எடுத்துத் திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள். தங்கப் புள்ளிகளின் நட்டநடுவில் மஞ்சளாக ஒரு தீற்று. காய்ந்துபோன சந்தனம். அதன்மேல் குங்குமம். போர்டுக்குள் நெருக்கமாக நிற்கும் ஊசிகளுக்கு நடுவிலும் சிவப்புத் தூள் சிந்தியிருந்தது.

"யம்மா!"

அந்தச் சத்தத்தில் கொட்டகை மாடு திரும்பிப் பார்த்தது. ஞானாம்பாள் மாவுக் கையோடு வந்தாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்க நீ?"

ஞானாம்பாள் பார்த்தாள். "பொட்டு வெச்சேன்."

"எதுக்கு வெச்ச? கெட்டுப் போவட்டும்னுதானே? இது ஓடலன்னா இன்னிக்குப் பாய் வேல போயிரும். நாளைக்கு மாமா வந்தா மூட்டையக் கட்டி அனுப்பிடலாம். அதானே? வாய் தொறந்து சொல்லிருக்கலாம்ல? சத்தமில்லாம இப்படிப் பண்ணணுமா?"

"கெடுக்கவா வெச்சேன்? நானாடி கெடுப்பேன்?" ஞானாம்பாளுக்கும் குரல் ஏறியது. "திருப்பி அனுப்புற பொருளுக்கு எவளாச்சும் பொட்டு வெப்பாளாடி? ஒங்கப்பனக் கேளு. டேங்க்கு ஒழுவி முதுவெல்லாம் கொப்புளிச்சுது, அனுப்புனனா?"

பஞ்சநதம் வாய் திறக்கப் போனார். அவள் விடவில்லை.

"அன்னிக்குப் போன்ல அண்ணன் மட்டும் பேசல. மாப்ளையும் கூட இருந்துச்சு. 'குந்தவை கம்ப்யூட்டர் வாங்குதாமே'ன்னு அண்ணன் சொல்லுது. அதுக்கு அது, 'வாங்கட்டும் மாமா, ஒடைக்கிறதுக்கு எனக்கும் ஒண்ணு வேணும்ல'ன்னு சொல்லிட்டுச் சிரிக்குது. அண்ணனும் சேந்து சிரிக்குது." மூச்சு வாங்கினாள். "எனக்குச் சிரிப்பு வரல. விடிஞ்சா வெள்ளிக்கெழம. கழுவி விட்டுட்டு வந்து வெச்சேன்."

குந்தவை கையிலிருந்த பிராசஸரைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பொட்டிக்கு வெச்சிருக்கலாமில்லம்மா?"

"பொட்டிக்கு வெச்சா அப்பனும் மவளும் பல்லக் காட்டுவீங்க, இவ வழிக்கு வந்துட்டான்னு. மூளன்னு நீதானே சொல்லிக்கிட்டிருந்த. தெறந்து பாத்தேன். ஒரு பக்கம் எழுத்து, முதுவாட்டம் தெரிஞ்சுது. இந்தப் பக்கம் தங்கமா மின்னுச்சு. இதுதான் மூஞ்சின்னு நெனச்சிட்டேன்."

பஞ்சநதத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. குந்தவை அவரை முறைத்துவிட்டுத் தானும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சிரிச்சது போதும்" என்றாள் ஞானாம்பாள். "தொடச்சா போவுமா போவாதா, அதக் கேளு அந்தப் புள்ளைக்கிட்ட."

ஆஷிகா போனில் முதலில் நம்பவில்லை. போட்டோ அனுப்பிய பிறகு அவளும் சிரித்தாள். "அக்கா, கடையில எல்லாருக்கும் காட்டிட்டேன், கோச்சுக்காதீங்க. திருப்பியெல்லாம் எடுக்க மாட்டோம். தண்ணி மட்டும் படக்கூடாது. மொபைல் சர்வீஸ் கடையில போர்டு தொடைக்கிற ஸ்பிரிட் இருக்கும், அத வாங்குங்க. பிராசஸர் பயமில்ல, தொடச்சா போயிரும். போர்டுல இருக்கிற ஊசியிலதான் கை படக்கூடாது. ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. ஊதாதீங்க, எச்சி தெறிக்கும்."

பஞ்சநதம் மழையில் வண்டியை விட்டார். கூத்தாநல்லூர் பாதை முழுக்கத் தண்ணீர். பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தாயும் மகளும் ஜன்னல் பக்கம் போர்டை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். ஞானாம்பாள் டார்ச் பிடித்திருந்தாள். குந்தவை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தங்கப் பக்கத்தைத் துடைத்தாள். சந்தனம் வந்துவிட்டது. ஊசிகளுக்கு இடையே புது பெயிண்ட் பிரஷ் ஒன்றின் நுனியை நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"போயிடுச்சு."

"போவல. அந்தா, கரை ஓரத்துல ஒண்ணு செவப்பா நிக்கிது."

"எனக்குத் தெரியலயே."

"இப்படிச் சாச்சுப் பாரு. பயிருக்குள்ள கோரை நிக்கிற மாதிரி நிக்கிது பாரு."

குந்தவை சாய்த்துப் பார்த்து அதையும் ஒற்றி எடுத்தாள். காயும் வரைக்கும் மூவரும் ஒன்றும் செய்யாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஞானாம்பாள் மாவுக் கையை அப்போதுதான் முந்தானையில் துடைத்தாள்.

மறுபடி மாட்டிச் சுவிட்சைப் போட்டபோது சிவப்பு விளக்கு எரிந்தது. பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது விளக்கு அணைந்திருந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்திருந்தன. குந்தவை கையைத் தட்டவில்லை, குதிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. ஞானாம்பாள் சோற்றைப் பிசைந்து தட்டோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் படம் போனது. கொஞ்ச நேரம் கழித்து ஹபீப் முகம்மது போனில் கூப்பிட்டார்.

"மச்சினனுக்குப் புடிச்சுப் போச்சும்மா. மாடி ஜன்னல் மட்டும் பெருசா வேணுமாம், அவங்க வீட்டுக்காரி சொல்லுது. திங்கக்கெழம அடுத்த வீட்டு அளவு அனுப்புறேன்."

அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

போனை வைத்ததும் ஞானாம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"எங்கடி வெக்கிறது? இப்பவே கேட்டுக்கிறேன்."

குந்தவை கேபினட்டின் முகப்பைத் தொட்டுக் காட்டினாள். "இதாம்மா மூஞ்சி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்தது. தியாகேசன் முன்னால் வந்தார். சூர்யபிரகாஷ் சேற்றில் செருப்புப் பதியாமல் தாண்டித் தாண்டி வந்தான். கையில் பழப்பை. பஞ்சநதம் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். ஞானாம்பாள் டீ கொண்டுவந்தாள். குந்தவை உள்ளறையில் படத்தில் மாடி ஜன்னலைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

"மாப்ள மனசு மாறிட்டாரு" என்று தியாகேசன் பஞ்சநதத்திடம் ஆரம்பித்தார். "குந்தவை அங்கயே வேல பாக்கட்டும்ங்கிறாரு. அந்தக் கம்ப்யூட்டரையும் தூக்கி டிக்கில வெச்சிக்கலாம். என்ன சொல்றீங்க?"

பஞ்சநதம் மனைவியைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடைக்க ஒண்ணு வேணும்னு சிரிச்சப்ப நீயுந்தானண்ணே கூட சிரிச்ச?"

தியாகேசன் டம்ளரை வாயருகில் கொண்டுபோனவர் நிறுத்தினார். சூர்யபிரகாஷ், "அது சும்மா வெளையாட்டுக்கு, அத்தே" என்றான்.

தியாகேசன் எழுந்து உள்ளறை வாசல்வரை போனார். குந்தவையின் முதுகு தெரிந்தது. மேஜைமேல் கறுப்புப் பெட்டி நின்றது. அதன் முகப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞானம், யாரு வெச்சது?"

"நாந்தான்."

தியாகேசன் திரும்பி வந்து உட்காரவில்லை. நின்றபடியே டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அவரும் ஞானாம்பாள் பிறந்த அதே வீட்டில் பிறந்தவர்தான்.

"வண்டிய எடுங்க மாப்ள" என்றார் சூர்யபிரகாஷிடம்.

"அப்ப கம்ப்யூட்டர்? டிக்கில எடம் கெடக்கு மாமா."

"எடம் கெடக்கு. அது வராது."